இடம் கிடைத்தால் ரயில், கிடைக்காவிட்டால் சாலை

சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே தண்டவாளமும் நான்குவழிச் சாலையும் போட்டி போடுகின்றன. வேகத்திலும் செலவிலும் முந்தி நிற்கும் ரயில், பயணிகளை ஏன் சாலையிடம் பறிகொடுக்கிறது?

2025-ல் ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டு முடிவுகள் நடைமுறைக்கு வந்தன. ஜூலை 1 முதல் ரயில் கட்டணம் உயர்ந்தது. ஏ.சி. அல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏ.சி. வகுப்புகளில் 2 பைசா. ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார் வைத்திருப்போருக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது. அப்போதைய விலையான 3,000 ரூபாயைக் கட்டினால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை ஓராண்டுக்குள் 200 முறை கடக்கலாம்.

சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறவர் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று எட்டுச் சாவடிகளைக் கடக்கிறார். பாஸ் இருந்தால் ஒரு சாவடிக்கு 15 ரூபாய்தான் ஆனது. மதுரை வரை 120 ரூபாயோடு முடிந்தது. முன்பு இதற்குப் பல நூறு ரூபாய் போய்க்கொண்டிருந்தது.

ரயில் கட்டண உயர்வு பெரிய தொகை அல்ல. மதுரைக்கு ஸ்லீப்பரில் போகிறவருக்கு ஐந்து ரூபாய் கூடியிருக்கும். ஆனால் ஒரே அரசின் இரண்டு துறைகள், ஒரே ஊருக்குப் போகும் ஒரே குடும்பத்திடம், எதிரெதிர்த் திசையில் பேசியிருக்கின்றன. ஒன்று கொஞ்சம் கூடுதலாகக் கொடு என்றது. மற்றொன்று காரை எடுத்துக்கொண்டு வா, சலுகை தருகிறேன் என்றது. நாம் எதில் ஊருக்குப் போக வேண்டும் என்று யாராவது யோசித்து எடுத்த முடிவுகளாக இவை தெரியவில்லை. அந்த யோசனையே இல்லை என்பதுதான் என் கவலை.

வைகை வந்த நாள்

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ரயில் மீதுள்ள பற்று இன்று நேற்று வந்ததல்ல. 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் எழும்பூருக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர்கேஜ் பாதை. அந்தக் குறுகிய பாதையில் நாட்டிலேயே வேகமாக ஓடிய ரயில் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. காலையில் மதுரையில் ஏறி மதியம் சென்னையில் இறங்கலாம் என்பது அன்று பெரிய விஷயம். 1984-ல் திருச்சிக்குப் பல்லவன் வந்தது. இரவுக்குப் பாண்டியன், நெல்லை, கன்னியாகுமரி, பொதிகை, முத்துநகர் என்று ஊரின் பெயரையும் மண்ணின் பெயரையும் தாங்கிய ரயில்கள். இவற்றின் பெயரைச் சொன்னால் எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடலாம். வேலைக்கும் படிப்புக்கும் சென்னைக்கு வந்த ஒரு தலைமுறையே இந்த ரயில்களில்தான் வந்தது.

எழும்பூர் நிலையத்தில் நடைமேடையை ஒட்டியே கார் வந்து நிற்கும் வசதி முன்பு உண்டு. கார் கதவைத் திறந்து இறங்கினால் எதிரே ரயில் பெட்டியின் கதவு. 1908-ல் கட்டி முடித்த நிலையத்தில், காரும் ரயிலும் ஒன்றுக்கொன்று உதவி என்ற எண்ணத்துக்கு இடம் இருந்திருக்கிறது.

1990-களில் அகலப்பாதைப் பணி தொடங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சென்னை - மதுரைத் தடம் அகலப்பாதையாகிவிட்டது. ஆனால் நெடுந்தொலைவுக்கு அது ஒற்றைப் பாதையாகவே இருந்தது. எதிரே ஒரு ரயில் வந்தால் இந்த ரயில் ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் ஒதுங்கிக் காத்திருக்கும். அப்படிக் காத்துக்கிடந்த ஆண்டுகளில்தான் பக்கத்தில் நான்குவழிச் சாலை எழுந்தது. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில், தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நடுவே தடுப்பு போட்ட நெடுஞ்சாலை வந்துவிட்டது. மதுராந்தகம் ஏரிக்கரையைத் தாண்டினால் பெரம்பலூர் வரை ஊருக்குள் நுழையாமலே போகலாம் என்ற நிலை வந்தது. ஆம்னி பேருந்துகள் பெருகின. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளும் வேகம் கூட்டின.

ரயில்பாதை அதன் பிறகே விழித்துக்கொண்டது. விழுப்புரம் - திண்டுக்கல் இரட்டைப்பாதை 2010-களின் இறுதியில் முடிந்தது. மதுரைக்குத் தெற்கே வாஞ்சி மணியாச்சி, தூத்துக்குடி வரை 2023-ல் முடிந்தது. வாஞ்சி மணியாச்சி - நாகர்கோவில் பகுதியை 2024 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி விழாவில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். சாலை நான்கு வழியாகிப் பத்தாண்டுக்கு மேல் கழித்துத்தான் தண்டவாளம் இரண்டு வழியாகியிருக்கிறது. இந்தத் தாமதத்தின் விலையை நாம் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை கார் வாங்கி, ஓட்டிப் பழகி, வழியில் எந்தக் கடையில் காபி நன்றாக இருக்கும் என்று தெரிந்துகொண்ட குடும்பம் ரயிலுக்குத் திரும்ப நாளாகும்.

தேனி மாவட்டத்தின் கதை இதைவிடக் கடுமை. மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப்பாதையில் தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். ஐந்தாம் வகுப்பில் படித்த பிள்ளை கல்லூரியை முடிக்கும் காலம் இது. அத்தனை ஆண்டுகள் அந்த மாவட்டத்துக்குப் பேருந்தும் காரும்தான். இப்போது சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் நேரடி ரயில் இருக்கிறது. மற்ற நான்கு நாளும் தேனிக்காரர்களின் வழி பழையபடி சாலைதான்.

நேரத்தில் யார் முந்துகிறார்கள்?

சாலைதான் வேகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

சென்னையிலிருந்து மதுரை சாலையில் சுமார் 460 கிலோமீட்டர். ரயிலில் ஏறக்குறைய 495. திருச்சியிலிருந்து சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக நேராக இறங்குகிறது. ரயிலோ மணப்பாறை, திண்டுக்கல், கொடைக்கானல் ரோடு என்று மேற்கே வளைந்து வருகிறது. இந்தச் சுற்றையும் சேர்த்தே 2019 மார்ச்சில் தொடங்கிய தேஜஸ் ஆறரை மணி நேரத்துக்குள் மதுரையை எட்டியது. 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத், சுமார் 650 கிலோமீட்டரை 7 மணி 50 நிமிடத்தில் முடித்தது. சராசரியாக மணிக்கு 83 கிலோமீட்டர். அந்த ரயில் 160-ல் ஓடும் திறன் கொண்டது. அது ஓடத் தொடங்கியபோது இந்தத் தடத்தின் உச்சவேகமோ 110.

காரில் மணிக்கு 83 கிலோமீட்டர் சராசரி எடுத்து நெல்லை வரை போக முடியுமா? தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்ற அந்த முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே பதில் கிடைத்துவிடும். பொங்கலுக்கு முந்தைய வெள்ளி இரவில் அந்த வழியில் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விக்கிரவாண்டி சாவடியில் வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம், தேநீருக்கு ஒன்று, குழந்தைக்காக ஒன்று. நெல்லைக்குப் பத்து மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நல்ல ஓட்டம்தான். கோவைத் தடத்தில் இடைவெளி இன்னும் பெரிது. சென்னை - கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலில் வந்தபோது 5 மணி 50 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. எந்தக் காரும் அந்தத் தொலைவை ஒழுங்காக ஓட்டி அந்த நேரத்தில் கடக்காது.

இரவு ரயிலுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. எட்டு, ஒன்பது மணி வாக்கில் எழும்பூரில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். கடிகாரத்தில் பத்து மணி நேரம் ஓடியிருந்தாலும் பயணியின் பகல் பொழுதில் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. காரில் இரவுப் பயணம் என்றால் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். அவர் பெரும்பாலும் அந்த வாரம் முழுக்க வேலை பார்த்துக் களைத்த குடும்பத் தலைவராகவே இருப்பார்.

செலவுக் கணக்கு

நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று சென்னையிலிருந்து நெல்லைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலை வழி சுமார் 620 கிலோமீட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கும் கார், லிட்டர் நூறு ரூபாயை ஒட்டிய பெட்ரோல். எரிபொருளுக்கு 3,700 ரூபாய் வாக்கில் ஆகும். ஆண்டு பாஸ் இருந்தால் சுங்கம் 200 ரூபாய்க்குள். ஆக, போக மட்டும் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. டயர் தேய்மானம், சர்வீஸ், காப்பீடு ஆகியவற்றை வீட்டில் யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாமும் விட்டுவிடுவோம்.

அதே நால்வர் ஸ்லீப்பரில் போனால் தலைக்கு நானூறு ரூபாய் வாக்கில், மொத்தம் 1,600. மூன்றடுக்கு ஏ.சி.யில் தலைக்கு ஆயிரத்தை ஒட்டி, மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். வந்தே பாரத் சேர் காரில் தலைக்கு சுமார் 1,600, மொத்தம் 6,400.

ஸ்லீப்பரில் ரயில் பாதிக்கும் குறைவான செலவில் ஜெயிக்கிறது. மூன்றடுக்கு ஏ.சி.யில் காரும் ரயிலும் சமம். வந்தே பாரத்தில் குடும்பத்துக்குக் காரே மலிவு. ரயில் எங்கே ஆகப் பலமாக இருக்கிறதோ அது ஸ்லீப்பர், அதுவும் இரவு ஸ்லீப்பர். எங்கே காரிடம் தோற்கிறதோ அது பகல்நேரச் சொகுசு இருக்கை.

இரட்டைப்பாதை முடிந்த பிறகு இந்தத் தடத்தில் பெருமையோடு கொடியசைத்து அனுப்பப்பட்டவை எவை? 2023-ல் நெல்லை வந்தே பாரத். 2024 ஆகஸ்ட் 31-ல் நாகர்கோவில் வந்தே பாரத். இரண்டும் பகல் ரயில்கள். இரண்டிலும் முன்பதிவில்லாப் பெட்டி கிடையாது. இரவு ரயில்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாள்தோறும் ஓடும் பெயர்கள் பெரும்பாலும் நம் பெற்றோர் ஏறிய அதே பெயர்கள்.

வந்தே பாரத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பெரம்பூர் ஐ.சி.எஃப்.-ல் நம்மூர்த் தொழிலாளர்களின் கையில் உருவான ரயில் அது. 2019 பிப்ரவரியில் டெல்லி - வாராணசிக்கு முதலில் ஓடி, 2022 நவம்பரில்தான் தான் பிறந்த சென்னைக்குச் சேவையாக வந்தது. தனியாகப் போகிற அலுவலருக்கும், காலையில் போய் மறுநாள் திரும்ப வேண்டியவருக்கும் அதைவிட நல்ல பயணம் இல்லை. நெல்லை ரயில் 8 பெட்டிகளோடு தொடங்கி, 2025-ல் 16 ஆகி, அதே ஆண்டில் 20 ஆனது. இவ்வளவு கட்டணத்திலும் இடம் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அப்படியானால் அதில் நான்கில் ஒரு பங்கு கட்டணத்தில் படுத்துக்கொண்டு போகும் ரயிலுக்கு எவ்வளவு பேர் காத்திருப்பார்கள்?

அறுபது நாள், சில நிமிடங்கள்

எவ்வளவு பேர் என்று தெரிந்துகொள்ள, தீபாவளிக்கு அறுபது நாள் முன்பு காலை எட்டு மணிக்கு முன்பதிவைத் திறந்து பார்த்தால் போதும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. நாள் குறைந்ததே தவிர நெரிசல் குறையவில்லை. பாண்டியனும் நெல்லையும் சில நிமிடங்களில் நிரம்பி, திரையில் வெயிட்டிங் லிஸ்ட் ஏறத் தொடங்கும். கவுன்டரில் அதிகாலையிலிருந்து வரிசையில் நின்றவர்களில் முன்னால் நின்ற சிலரைத் தவிர மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

அடுத்தது தட்கல். பயணத்துக்கு முந்தைய நாள் ஏ.சி.க்குப் பத்து மணி, மற்றவற்றுக்குப் பதினொரு மணி. போலி ஏஜென்ட்டுகளைத் தடுக்க 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. தேவையான நடவடிக்கைதான். ஆனால் எண்பது படுக்கைக்கு எண்ணூறு பேர் கேட்டால், எவ்வளவு நேர்மையாகப் பிரித்தாலும் எழுநூற்று இருபது பேருக்கு இல்லை.

அந்த எழுநூற்று இருபது பேரும் எங்கே போகிறார்கள்? யாரும் வீட்டிலேயே தங்கிவிடுவதில்லை. அம்மா காத்திருக்கிறார், பொங்கல் பானை காத்திருக்கிறது. கொஞ்சம் வசதி உள்ளவர் காரை எடுக்கிறார். தனி ஆள் ஆம்னி பேருந்தில், பண்டிகை நாளில் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கொடுத்து ஏறுகிறார். அதுவும் கொடுக்க முடியாதவர் அரசு சிறப்புப் பேருந்தில் உட்கார்ந்தபடி இரவைக் கழிக்கிறார். அதற்கும் இயலாதவர் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாசல் வரை நெருக்கியடித்து நிற்கிறார். இப்படித்தான் சாலை தன் பயணிகளைப் பெறுகிறது. இவர்களில் பலர் ரயிலை முதலில் கேட்டுவிட்டு, இடமில்லை என்ற பிறகு சாலைக்கு வந்தவர்கள். ரயில்வே இவர்களைப் போட்டியில் இழக்கவில்லை. வாசல் வரை வந்தவர்களை உள்ளே விட இடமில்லாமல் அனுப்பிவைத்திருக்கிறது.

முதியவர்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கு 40 சதவீதம், ஐம்பத்தெட்டைக் கடந்த பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 அன்று கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ரயில்கள் முழுதாகத் திரும்பி வந்த பிறகும் அந்தச் சலுகை திரும்பவில்லை. எட்டு மணி நேரம் பேருந்தில் உட்கார முடியாத, கழிப்பறை அருகில் தேவைப்படுகிற வயதினர் அவர்கள். ரயிலை விட்டால் அவர்களுக்குப் பயணமே இல்லை.

பயணச்சீட்டில் அச்சாகாத செலவு

பயணிகளிடம் வாங்கும் கட்டணம் ஆகும் செலவில் 57 சதவீதத்தைத்தான் ஈடுகட்டுகிறது என்று ரயில்வே பயணச்சீட்டிலேயே அச்சிட்டது. பயணியைக் கடன்காரராக உணரவைக்கும் அந்த வரி எனக்கு எப்போதும் வலித்திருக்கிறது. சாலைக்குப் பொதுப் பணத்தில் ஆகும் செலவை எந்தச் சுங்க ரசீதும் சொல்வதில்லை.

2023-ல் தமிழ்நாட்டில் 67,213 சாலை விபத்துகள். நாட்டில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நாம்தான். இறந்தவர்கள் 18,347 பேர். ஒரு நாளைக்கு ஐம்பது பேர். இவர்கள் எல்லோரும் நெடுந்தொலைவுப் பயணத்தில் இறந்தவர்கள் அல்ல. பெரும்பங்கு இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும். ஆனால் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டைக்கும் தொழுதூருக்கும் இடையே, சாலையோரம் நின்ற லாரியின் பின்னால் கார் மோதிய செய்தியைப் பண்டிகைக்கு மறுநாள் நாளிதழில் படிக்காத ஆண்டு உண்டா? ஊருக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த குடும்பம் என்று இருக்கும். அவர்கள் ரயிலுக்கு முயன்றிருப்பார்களா என்று அந்தச் செய்தி சொல்லாது.

ரயிலிலும் பெருவிபத்துகள் உண்டு. 1956 நவம்பரில் இதே தடத்தில், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 2023 ஜூனில் பாலசோரில் 290-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த மரணங்களை நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. சாலையிலோ ஆறு நாளில் ஒரு பாலசோர் அளவுக்கு நம் ஒரு மாநிலத்தில் மட்டும் இறக்கிறார்கள். யாரும் பதவி விலகுவதில்லை.

இரண்டையும் கட்டிய நாடுகள்

1964 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் டோக்கியோ - ஒசாகா ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரையிலான சூரிய நெடுஞ்சாலையை இத்தாலி முழுமையாகத் திறந்தது. போரில் சிதைந்து எழுந்த இரண்டு நாடுகள். ஒன்று முதலில் தண்டவாளத்துக்கும் மற்றொன்று முதலில் சாலைக்கும் முன்னுரிமை தந்தன. ஜப்பான் 1969-ல் டோக்கியோ - நகோயா விரைவுச்சாலையையும் முடித்தது. அதனால் ஷின்கான்சென் காலியாகிவிடவில்லை. அடிக்கடி, நேரம் தவறாமல், இடத்தோடு ஓடியதால் மக்கள் அதை விடவில்லை. இத்தாலி பல பத்தாண்டுகள் கழித்து மிலான் - ரோம் அதிவேக ரயிலுக்குத் திரும்பியது. இன்று அந்த 570 கிலோமீட்டரை ரயில் மூன்று மணி நேரம் சொச்சத்தில் கடக்கிறது. காரில் ஆறு மணி நேரம். 2012 முதல் அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தடத்தில் ரயில் விட்டுப் பயணிக்காகப் போட்டி போடுகின்றன.

நமக்கு அதிவேகத் தடம் இப்போதே வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்த நாடுகளிடமிருந்து எனக்கு வேண்டியது ஒன்றுதான். நினைத்த நாளில் போய் நின்றால் ரயிலில் இடம் இருக்கும் என்ற நம்பிக்கை. அது இருக்கும்வரை பயணி சாலைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது?

இன்னொரு இரவு ரயில் விடுங்கள் என்றால் பாதையில் இடமில்லை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. தென்மாவட்ட ரயில்கள், விழுப்புரத்தில் பிரிந்து மயிலாடுதுறை, தஞ்சாவூர் போகிறவை, புதுச்சேரி, ராமேஸ்வரம் போகிறவை என ஏறக்குறைய எல்லாமே தாம்பரம் - செங்கல்பட்டு - விழுப்புரம் என்ற ஒரே கழுத்தைக் கடக்க வேண்டும். தாம்பரம் - செங்கல்பட்டு இடையே மூன்று பாதைகள், அவற்றையும் புறநகர் மின்சார ரயில்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டினால் இரண்டே பாதை. இந்த நூறு கிலோமீட்டர் சொச்சத்தை நான்கு பாதையாக்காமல், தெற்கே எத்தனை இரட்டைப்பாதை போட்டாலும் அதன் முழுப் பலன் கிடைக்காது. பக்கத்திலேயே ஓடும் ஜி.எஸ்.டி. சாலை நம் கண்முன்னே ஆறு வழி, எட்டு வழி என்று அகன்றுகொண்டே போனது. அதே அவசரம் தண்டவாளத்துக்கும் வேண்டும்.

கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று அங்கே பிரமாண்டமான பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தென்மாவட்ட ஆம்னி பேருந்துகளும் அங்கே மாற்றப்பட்டன. சாலையின் எதிர்ப்புறத்தில் மின்சார ரயில் தடம் ஓடுகிறது. ஆனால் முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து குழந்தையோடும் மூட்டையோடும் கிளம்பிய ஒரு குடும்பம் ஊர் பேருந்தில் ஏறுவதற்கே இரண்டு மணி நேரம் செலவிட வேண்டியிருந்தது. ரயிலையும் பேருந்தையும் எதிரிகளாக நினைத்தால்தான் இப்படிக் கட்டத் தோன்றும். ஒரே பயணி காலையில் ஒன்றிலும் இரவில் மற்றொன்றிலும் ஏறுகிறவர்.

ஊரில் இறங்கிய பிறகு என்ன என்பதுதான் காரின் உண்மையான பலம். மதுரை ரயில் நிலையம் நகரின் நடுவில் இருக்கிறது, மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். ஆனால் உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு, அதிகாலை ஐந்தரை மணிக்கு, பாட்டியையும் நான்கு பைகளையும் வைத்துக்கொண்டு எப்படிப் போவது? இந்தக் கேள்விக்கு ரயில்வேயிடமும் போக்குவரத்துக் கழகத்திடமும் சேர்ந்த பதில் இல்லை. ரயில் வரும் நேரத்துக்கு நிலைய வாசலிலிருந்தே கிளம்பும் பேருந்துகள், ஒரே பயணச்சீட்டு. இதற்குப் புதிய பாலமோ பாதையோ வேண்டாம், இரண்டு அலுவலகங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

நான்காவது பாதைக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. பண்டிகைச் சிறப்பு ரயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் அவை அறிவிக்கப்படும்போது பாதிப் பேர் பேருந்துக்குப் பணம் கட்டிவிட்டிருப்பார்கள், அல்லது காருக்கு டயர் மாற்றியிருப்பார்கள். தீபாவளியும் பொங்கலும் எந்தத் தேதியில் வருகின்றன என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். வழக்கமான ரயில்களுக்கு முன்பதிவு திறக்கும் அதே காலை எட்டு மணிக்கு, அதே திரையில், சிறப்பு ரயில்களுக்கும் திறக்கலாம். பெட்டிகளில் பெரும்பகுதி ஸ்லீப்பராக இருக்கட்டும். சிறப்புக் கட்டணம் என்று கூடுதலாக வசூலிக்காமல் வழக்கமான கட்டணத்திலேயே ஓடட்டும். பாண்டியன் நிரம்பிய நிமிடத்தில் அதற்கு அடுத்த வரியில் இன்னொரு ரயில் தெரிந்தால், அந்த இரவு ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனை கார் குறைகிறது என்று பரனூர் சாவடியிலேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.